மேல் மூச்சுப்பாதையும் உப்பளக் காற்றும்

மேல் மூச்சுப்பாதை என்பது மூக்குத் துளைகளில் தொடங்கிக் குரல்வளையில் முடியும் காற்றுவழியாகும். மூக்கு, மூக்கறை, அதனைச் சூழ்ந்துள்ள எலும்புப் புழைகள், தொண்டை, குரல்வளை ஆகியவை இதில் அடங்கும். நுரையீரலில் நடைபெறும் வளிமப் பரிமாற்றம் இங்கே நடைபெறுவதில்லை. வெளிக்காற்றை நுரையீரல் தாங்கக்கூடிய காற்றாக மாற்றித் தருவதே இதன் முதன்மையான பணி. அதாவது காற்றின் வெப்பநிலையைச் சரிசெய்கிறது, ஈரமூட்டுகிறது, தூசியை வடிக்கிறது. மணத்தை அறிதல், குரல் எழுப்புதல், உணவு காற்றுவழிக்குள் நுழையாமல் தடுத்தல் ஆகியனவும் இப்பாதையிலேயே நடக்கின்றன.

பாடநூல்கள் இப்பணிகளை விளக்கும்போது எந்த ஊர்க் காற்று என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் மூக்கின் வேலைப்பளு உள்ளே வரும் காற்றைப் பொறுத்தது. இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணம் உப்பளக் கரையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணிப்போர் மரக்காணம் அருகே வெண்ணிற உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பர். கழுவேலி ஏரியை ஒட்டிய இத்தாழ்நிலத்தில் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து உப்பு எடுக்கின்றனர். தை, மாசி வாக்கில் தொடங்கும் பருவம் வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீடிக்கும். உப்பு விளைய வேண்டியவை கடும் வெயில், இடைவிடாத காற்று, குறைந்த ஈரப்பதம். இவை மூன்றும் மூக்கின் உள்ளீரத்துக்கு எதிரானவை. பாத்தி வற்றுவதற்கு நல்ல நாள் எதுவோ, அதுவே பாத்தியில் நிற்பவரின் மூக்கு வறள்வதற்கும் ஏற்ற நாள்.

எல்லை குறித்த ஒரு குறிப்பு

மேல், கீழ் என்ற பிரிவினை நூலுக்கு நூல் சற்று மாறும். சிலர் குரல்வளை முழுவதையும் மேல் பாதையில் சேர்ப்பர். சிலர் குரல் நாண்களுக்கு மேலுள்ள பகுதியை மட்டும் சேர்ப்பர். மூச்சுக்குழலும் அதற்குக் கீழுள்ளவையும் கீழ் மூச்சுப்பாதை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வாய், செரிமான மண்டலத்தின் உறுப்பு. மூக்கடைப்பிலும் கடும் உழைப்பிலும் அது மாற்றுவழியாகப் பயன்படுகிறது.

மூக்கும் மூக்கறையும்

வெளியே தெரியும் மூக்கின் மேற்பகுதி எலும்பாலும் கீழ்ப்பகுதி குருத்தெலும்பாலும் ஆனது. துளையின் உட்பக்கம் தோலால் மூடப்பட்டுத் தடித்த முடிகளைக் கொண்டிருக்கும். இம்முடிகள் பூச்சி, மணல், பெருந்தூசி போன்றவற்றை நிறுத்துமே தவிர, நுண்தூசியை நிறுத்துவதில்லை. துளையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. உள்ளே பாதை மிகவும் குறுகுகிறது. மூச்சுப்பாதை முழுவதிலும் காற்று சந்திக்கும் தடையில் ஏறக்குறைய பாதி மூக்கிலேயே உள்ளது என்பதற்கு இக்குறுக்கம் முக்கியக் காரணம். இந்தத் தடை வீணானதன்று. குறுகிய இடத்தைக் கடந்த காற்று சுழன்று, சுவர்களோடு உரசிச் செல்கிறது. அவ்வாறு உரசினால்தான் வெப்பமும் ஈரமும் காற்றோடு கலக்கும், தூசியும் சுவரில் ஒட்டும்.

மூக்கறையை இடைச்சுவர் ஒன்று வலம், இடம் எனப் பிரிக்கிறது. முற்றிலும் நேரான இடைச்சுவர் உடையவர்கள் குறைவு. சிறு வளைவு இருப்பது நோயன்று. ஒவ்வோர் அறையின் பக்கச் சுவரிலிருந்தும் மேல், நடு, கீழ் என மூன்று சுருள் எலும்புகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் மடிப்புகளால் மூக்கறையின் உட்பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. ஆகிறது. இது ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய பரப்பு. ஓய்வில் இருக்கும் ஒருவரிடம்கூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று இந்தப் பரப்பைத் தொட்டுச் செல்கிறது.

சுருள் எலும்புகளின் மேலுள்ள சவ்வில் இரத்தம் தேங்கி வடியக்கூடிய நாளங்கள் நிறைந்துள்ளன. அவை விரிந்தால் மூக்கு அடைக்கும், சுருங்கினால் திறக்கும். பெரும்பாலானோரிடம் ஒரு பக்கம் சற்று வீங்கியிருக்கையில் மறுபக்கம் நன்கு திறந்திருக்கும்; சில மணி நேரத்தில் இது மாறிவிடும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-இல் இதனை அறிவியல் முறையில் பதிவு செய்தார். மூச்சு இடமும் வலமும் மாறி ஓடுவதைச் சித்தர் மரபு அதற்கு மிகவும் முன்பே கவனித்து, சரம் பார்த்தல் என்று ஒரு கலையாகவே வளர்த்திருந்தது. அக்கலை கூறும் பலன்களை உடலியல் ஏற்பதில்லை. ஆயினும் கவனிப்பு சரியானது. வீங்கிய பக்கத்தில் காற்றோட்டம் குறைவதால் அதன் சவ்வு வறட்சியிலிருந்து மீள நேரம் கிடைக்கிறது என்று கருதப்படுகிறது.

மூக்கறையின் கூரையில், மூளையைத் தாங்கும் எலும்புத் தட்டுக்குச் சற்றுக் கீழே, மணம் உணரும் சவ்வு அமைந்துள்ளது. அதன் நரம்பிழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே மூளைக்குச் செல்கின்றன. உப்புக்கு மணம் கிடையாது என்பதை இங்கே நினைவுகொள்ளலாம். ‘உப்புக் காற்று வாசம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் கடல் நுண்பாசிகளோடு தொடர்புடைய டைமெத்தில் சல்பைடும், கழிச்சேற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடும்தான்.

பாத்தியில் வற்றுவதும் மூக்கில் வற்றுவதும்

37° செல்சியசில் முழு ஈரம் கொண்ட ஒரு லிட்டர் காற்றில் சுமார் 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். நுரையீரலின் நுண்ணறைகளை அடையும் காற்று இந்நிலையில் இருந்தாக வேண்டும். வெளிக்காற்றில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் மூச்சுப்பாதை தன் ஈரத்திலிருந்து தருகிறது. அதில் பெரும்பங்கு மூக்கினுடையது.

கரையின் மூன்று வேளைகளை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிற்பகலில் கடற்காற்று வீசும்போது வெப்பநிலை 32°, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று கொள்வோம். அக்காற்றில் லிட்டருக்குச் சுமார் 24 மி.கி. நீர் ஏற்கெனவே உள்ளது. சேர்க்க வேண்டியது 20 மி.கி. ஆனி, ஆடி மாதங்களில் கடற்காற்று தாமதமாகி, நிலத்திலிருந்து மேல்காற்று வீசும் நண்பகலில் வெப்பநிலை 38°, ஈரப்பதம் 35 விழுக்காடு எனில், காற்றில் இருப்பது 16 மி.கி. மட்டுமே. மூச்சுப்பாதை 28 மி.கி. தர வேண்டும். ஒரே பாத்தியில், ஒரே வேலையில், காற்றின் திசை மாறியதும் செலவு 40 விழுக்காடு கூடிவிடுகிறது.

மூன்றாவது வேளை பலருக்கு வியப்பளிக்கும். தை மாத விடியலில் 22° வெப்பநிலையும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பனிக்காற்றைத் தொட்டால் ஈரமாகவே தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்றுக்கு நீரைத் தாங்கும் திறன் குறைவு. அதில் இருப்பது 16 அல்லது 17 மி.கி. தான். எனவே மேல்காற்றைப் போலவே இதற்கும் 27, 28 மி.கி. நீர் தேவைப்படுகிறது. இருப்பினும் விடியற்காலையில் மூக்கு வறள்வதில்லை, மாறாக ஒழுகுகிறது. காரணம், குளிர்காற்று உள்ளே செல்லும்போது மூக்கின் சவ்வும் குளிர்கிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் வெப்பக் காற்று அக்குளிர்ந்த பரப்பில் பட்டதும் நீராவியின் ஒரு பகுதி மீண்டும் நீராகப் படிகிறது. கொடுத்ததில் ஒரு பங்கை மூக்கு திரும்ப வாங்கிக்கொள்கிறது எனலாம். கொதிக்கும் மேல்காற்றில் சவ்வு அந்த அளவு குளிர்வதில்லை; வெளிமூச்சோடு போகும் நீர் போனதுதான்.

உழைப்பு இக்கணக்கை மேலும் மாற்றுகிறது. ஓய்வில் ஒருவர் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில் மூச்சு விடுகிறார். உப்பை வாரி, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டும் வேலையில் இது 30 லிட்டரை எளிதில் தொடும். 6 மணி நேரம் அவ்வாறு உழைத்தால் 10,800 லிட்டர். அதாவது ஓய்வில் இருப்பவர் ஒரு முழு நாளில் இழுக்கும் காற்றை உப்பளத் தொழிலாளர் ஒரு வேலைப்பொழுதிலேயே இழுத்துவிடுகிறார். மேல்காற்று நாளில் இக்காற்றை ஈரமாக்க ஏறத்தாழ 300 மி.லி. நீர் வேண்டும். வியர்வையாகப் போகும் லிட்டர்களோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் வியர்வை உடல் முழுவதிலிருந்தும் வருகிறது. இந்த 300 மி.லி.யின் பெரும்பகுதியை மேற்சொன்ன அஞ்சலட்டையளவு சவ்வே தர வேண்டியுள்ளது.

நிமிடத்துக்கு 35 லிட்டர் என்ற அளவைக் காற்றுத் தேவை நெருங்கும்போது பெரும்பாலானோர் தம்மையறியாமல் வாயாலும் மூச்சுவிடத் தொடங்குவர். வாய்க்குச் சுருள் எலும்புகள் இல்லை. ஈரமூட்டும் வேலை தொண்டைக்கும் குரல்வளைக்கும் தள்ளப்படுகிறது. வடிகட்டும் வேலையோ பெருமளவு நின்றே போகிறது.

உப்புநீர் வற்றினால் பாத்தியில் உப்பு படிகிறது. மூக்கில் ஏன் படிவதில்லை? மூக்குச் சவ்வின் மேலுள்ள நீர்மமும் உப்புக் கரைசலே; இரத்தத்தைப் போல லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்கு நிகரான செறிவுடையது. கடல்நீரில் இது சுமார் 35 கிராம். உப்பு படியும் நிலையிலுள்ள பாத்திநீரின் செறிவு கடல்நீரைப்போல் பல மடங்கு. மூக்கில் நீர் வற்றி மேற்பரப்புச் செறிவு சற்று உயர்ந்தாலே, சவ்வின் உயிரணுக்கள் வழியே உள்ளிருந்து நீர் ஊறி வந்து அதைச் சமன்செய்கிறது. அடியில் ஓடும் இரத்தம் தீராத ஊற்று. அந்த ஊற்றின் வேகத்தை வற்றும் வேகம் மிஞ்சும்போதுதான் கோழை இறுகிப் பொருக்காகிறது, மூக்கு எரிகிறது, சிலருக்கு இரத்தமும் கசிகிறது. உடலில் நீர் குறைந்திருப்பவருக்கு இந்நிலை விரைவில் வரும்.

கோழையும் குறு இழைகளும்

முன்பகுதியைத் தவிர்த்த மூக்கறையின் பெரும்பகுதியைக் குறு இழைகள் கொண்ட எபிதீலியம் மூடியுள்ளது. ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 200 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் நீளமும் 5 முதல் 7 மைக்ரோமீட்டர். அவை மெல்லிய நீர்மப் படலம் ஒன்றில் மூழ்கி, நொடிக்கு 10 முதல் 15 முறை துடிக்கின்றன. அப்படலத்தின் மேல் பிசுபிசுப்பான கோழை ஒரு போர்வைபோல் மிதக்கிறது. இழைகளின் துடிப்பால் இப்போர்வை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் பின்னோக்கி நகர்ந்து தொண்டையை அடைகிறது. ஒட்டிய தூசி பொதுவாக 10 முதல் 20 நிமிடத்துக்குள் மூக்கைவிட்டு நீங்கிவிடும். இதனை எளிய முறையில் சோதிக்கலாம். மூக்கின் முன்பகுதியில் சிறுதுளி சாக்கரின் வைத்தால், தொண்டையில் இனிப்புத் தெரிய ஆகும் நேரமே கோழையின் பயண நேரம்.

தொண்டையை அடைந்த கோழை என்ன ஆகிறது? நாம் அதை விழுங்கிவிடுகிறோம். நாள் முழுவதும், தூக்கத்திலும்கூட, உணராமலே இது நடக்கிறது. கேட்க அருவருப்பாக இருந்தாலும் இதுவே இயல்பான ஏற்பாடு. வயிற்று அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் மூக்கு பிடித்தது கிருமியாக இல்லாமல் கரையக்கூடிய பொருளாக இருந்தால், அது உடலுக்குள் சேர்ந்துவிடுகிறது. உப்புத் தூசியைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கலாகாது.

உப்புத் துகளின் வழி

பாத்தியில் வாரப்படும் உப்பு ஈரமானது. அதிலிருந்து தூசி அதிகம் எழுவதில்லை. அங்கே தொழிலாளரை வருத்துபவை வறண்ட காற்று, வெயில், கண்ணைக் கூசவைக்கும் வெண்மை, கால் தோலை அரிக்கும் உவர்நீர் ஆகியவை. உப்பு காய்ந்தபின் அரைத்தல், சலித்தல், மூட்டை கட்டுதல், வண்டியில் ஏற்றுதல் ஆகிய வேலைகளில்தான் தூசி கிளம்பும். எனவே உப்பளம் என்றாலே உப்புத்தூசி என்று பொதுவாகச் சொல்வது பொருந்தாது. எந்த வேலை என்பதைக் கேட்க வேண்டும்.

பொதுவாக 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் மூக்கிலேயே பெரும்பாலும் பிடிபடுகின்றன. மிகச் சிறியவை நுரையீரல்வரை செல்லக்கூடும். கல்தூசியும் உமித்தூசியும் உள்ளே போகும்போது தம் அளவை மாற்றிக்கொள்வதில்லை. உப்போ ஈரத்தை உறிஞ்சும் பொருள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்புத்துகள் நீரை இழுத்துத் தானே கரைந்து துளியாகிவிடும். மழைநாளில் உப்பு ஜாடி நீர்விடுவது இதே காரணத்தால்தான். மூச்சுப்பாதையின் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மிகவும் மேல். அங்கே நுழைந்த நுண்ணிய உப்புத்துகள் விட்டத்தில் இரண்டு மூன்று மடங்காகிறது. முழு ஈரத்தோடு சமநிலை அடைய நேரம் கிடைத்தால் ஐந்து மடங்கையும் தாண்டும். பருத்த துளி சுவரில் மோதிப் படிய வாய்ப்பு அதிகம். ஆகவே அதே அளவுள்ள கல்தூசியைவிட உப்பு மூச்சுப்பாதையின் மேற்பகுதியிலேயே அதிகம் தங்கிவிடுகிறது. படிந்தபின் கரைந்தும் போகிறது. கல் உடைப்போருக்கு வரும் சிலிக்கா நோயைப் போல நுரையீரலில் நிலையாகத் தங்கி வடுவாக்கும் தன்மை தூய உப்புக்கு இல்லை.

அதனால் தீங்கே இல்லை என்றாகாது. படிந்த இடத்தில் உப்பின் செறிவு திடீரென உயர்கிறது. உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. சவ்விலுள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. எரிச்சல், தும்மல், நீர் ஒழுகல் ஆகியவை தொடர்கின்றன. குழந்தை தும்மினால் பெரியவர்கள் ‘நூறு’ என்று வாழ்த்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. அரைவைக் கொட்டகையில் தும்முபவருக்கு வாழ்த்தைவிட முகமூடி பயன்படும்.

விழுங்கப்படும் உப்பைப் பற்றி ராஜஸ்தானில் ஓர் ஆய்வு நடந்துள்ளது. ஜோத்பூரிலுள்ள பாலைநில மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர் 2005-இல் வெளியிட்ட இவ்வாய்வில், உப்பு அரைவை ஆலைகளுக்கு அருகில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்கும், தொலைவில் வேலை செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. ஆலைக்கு அருகிலிருந்தோர் சில நாள் முகமூடியும் கண்ணாடியும் அணிந்தபோது அவர்களின் இரத்த அழுத்தம் குறைந்தது. மூச்சோடு வந்த உப்பு மேல் மூச்சுப்பாதையில் படிந்து, விழுங்கப்பட்டு, குடலில் சேர்வதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இவ்விளக்கத்தைச் சற்று எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கனமீட்டர் காற்றில் 10 மி.கி. உப்புத்தூசி இருப்பதாகக் கொண்டால், முன்பு கணக்கிட்ட 10,800 லிட்டர் காற்றில் ஏறத்தாழ 108 மி.கி. உப்பு இருக்கும். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு 5 கிராமுக்கும் குறைவு. அதனோடு ஒப்பிட இது சிறு பங்கே. கண்ணுக்குத் தெரியும் புகைமூட்டம்போல் தூசி பல மடங்கு அடர்ந்திருந்தால்தான் அளவு பொருட்படுத்தத்தக்கதாகும். அரைவை இயந்திரத்தின் வாயருகே நிற்பவருக்கு அது நேரலாம். திறந்த பாத்தியில் நிற்பவருக்கு நேர வாய்ப்பில்லை.

தலையில் கட்டிய துண்டையோ முந்தானையையோ மூக்குவரை இழுத்துக்கொள்வது உப்பு வேலைக்காரர்களின் பழக்கம். நெசவுத் துணி நுண்தூசியை நன்றாக வடிப்பதில்லை. ஆனால் வெளிமூச்சின் ஈரத்தில் ஒரு பகுதியை அது பிடித்துவைத்து, அடுத்த உள்மூச்சில் திருப்பித் தருகிறது. பாத்தியில் துணி உண்மையாகவே உதவுவது இவ்வகையில்தான். அரைவைக் கொட்டகையில் துணி போதாது; முகத்தோடு பொருந்தும் தூசி முகமூடி வேண்டும்.

எலும்புப் புழைகளும் கண்ணீர்ப் பாதையும்

மக்கள் ‘சைனஸ்’ என்று நோயின் பெயராகவே சொல்வது உண்மையில் உறுப்பின் பெயர். நெற்றி, கன்னம், கண்களுக்கு இடைப்பகுதி, மூக்கறைக்குப் பின்புறம் என நான்கு இணைப் புழைகள் உள்ளன. எல்லாம் மூக்கறைக்குள் திறக்கின்றன. கன்னப் புழையின் வாயில் அதன் உச்சியருகே அமைந்திருப்பதால், கோழை புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி ஏறியே வடிய வேண்டும். இழைகள் சோர்ந்தாலும், சவ்வு வீங்கி வாயில் அடைத்தாலும் கோழை தேங்கிவிடும். நீர்க்கோவை என்று நாட்டு வழக்கில் சொல்லப்படும் தலைப்பாரமும் முகவலியும் பெரும்பாலும் இதன் விளைவே.

கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சிறு குழல் மூக்கறையின் கீழ்ச் சுருள் எலும்புக்கு அடியில் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். உப்பு அம்பாரத்தின் கூசலில் கண் கலங்கியவர் மூக்கையும் துடைத்துக்கொண்டிருந்தால், அது சளியாக இருக்க வேண்டியதில்லை.

தொண்டை

மூக்கறைக்குப் பின்னால் தொடங்கிக் குரல்வளைக்குப் பின்புறம்வரை இறங்கும் தசைக்குழலே தொண்டை. மூக்குக்குப் பின்பகுதி, வாய்க்குப் பின்பகுதி, குரல்வளைப் பகுதி என மூன்றாகப் பிரிப்பர். மேற்பகுதியில் நடுச்செவியிலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழல் திறக்கிறது. சிறு குழந்தைகளில் இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டத்துக்கு நெருக்கமாகவும் இருக்கும். அதனால் சளி பிடித்த குழந்தைக்குக் காதுவலி வருவது சாதாரணம். அதே பகுதியிலுள்ள அடினாய்டு, வாயின் பின்புறமுள்ள டான்சில்கள், நாக்கின் அடியிலுள்ள நிணத்திசு ஆகியவை ஒரு வளையமாக அமைந்து உள்ளே வருவனவற்றை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அறிமுகம் செய்கின்றன. 1884-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர் விவரித்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. தொங்கும் உள்நாக்கை டான்சிலோடு குழப்பிக்கொள்வது பரவலான தவறு. உள்நாக்கு மென்னண்ணத்தின் முனை மட்டுமே.

காற்றுவழியும் உணவுவழியும் குறுக்கிடுவது தொண்டையில்தான். விழுங்கும் கணத்தில் மென்னண்ணம் உயர்ந்து மூக்குவழியை மூடுகிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்வளை மூடி சாய்கிறது, குரல் நாண்கள் இறுகச் சேர்கின்றன, மூச்சும் ஒரு நொடியளவு நின்றுவிடுகிறது. இவ்வரிசை பிசகினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். உண்மையில் வெளியேற்றுவது இருமல்தான். இருமுபவரை இருமவிட வேண்டும். இருமவோ பேசவோ முடியாமல் திணறினால் மட்டும் உடனடி முதலுதவி தேவை.

குரல்வளை

கழுத்தின் முன்புறம் குருத்தெலும்புகளால் ஆன பெட்டி இது. ஆண்களில் அதன் முன்விளிம்பு புடைத்துத் தெரியும். உள்ளே இரு குரல் நாண்கள் உள்ளன. பேசும்போது அவை ஆண்களில் நொடிக்குச் சுமார் 125 முறையும், பெண்களில் 200 முறைக்கும் மேலும் அதிர்கின்றன. இத்தனை வேகமாக ஒன்றோடொன்று தட்டும் பரப்புகளுக்கு மெல்லிய ஈரப்படலம் இன்றியமையாதது. வாயால் மூச்சு வாங்கியபடி, காற்றை மீறிப் பாத்திக்குப் பாத்தி குரல் கொடுத்துப் பேசுபவருக்கு மாலையில் தொண்டை கட்டுவது இதனால்தான். குடிக்கும் நீர் நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழலில் இறங்குகிறது. உடல் நீர்மட்டம் உயர்ந்தபின்தான் நாண்களுக்கு ஈரம் ஊறும். எனவே தாகம் எடுத்தபின் ஒரேயடியாகக் குடிப்பதைவிட, வேலை நேரம் முழுவதும் அவ்வப்போது குடிப்பது பயன்தரும்.

மழைக்காலமும் சளியும்

ஐப்பசியில் மழை தொடங்கியதும் பாத்திகள் மூழ்கி உப்பு வேலை நின்றுவிடும். வறட்சி போய்ச் சளிக்காலம் வரும். சாதாரணச் சளிக்கு முதன்மைக் காரணமான ரைனோ வைரசில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தாலும் மற்றொன்று தாக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் வைரசுக்குப் பயன்படா. கோழை மஞ்சளாகிவிட்டது என்பது மட்டும் அவற்றுக்குத் தேவை உண்டு என்று காட்டாது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண் வேறு வகை. இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் காய்ச்சல், விழுங்கும்போது கடும் வலி, கழுத்துக் கணுக்கள் வீங்குதல் ஆகியவை பள்ளி வயதுக் குழந்தைக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிகிச்சையின்றி விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வுகளைப் பாதிக்கும். இந்தியாவில் இது இன்னும் ஒழியவில்லை.

மூக்கடைப்பு நீக்கும் சொட்டுமருந்துகள் சுருள் எலும்பின் நாளங்களைச் சுருக்குகின்றன. ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து விட்டதும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். பலர் இதனால் மாதக்கணக்கில் மருந்துக்கு அடிமையாகின்றனர். வேது பிடித்தல் சற்று நேரம் இதமளிக்கும், நோயின் நாள்களைக் குறைப்பதில்லை. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது உண்டு என்பதால் அவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது.

உப்பு நோயாகவும் மருந்தாகவும் பேசப்படுவது வேடிக்கையானது. போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்தில் மருத்துவராக இருந்த பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி, 19ஆம் நூற்றாண்டில் உப்புக் காற்று மூச்சு நோய்க்கு நல்லது என்று எழுதினார். இன்று நகரங்களில் நடத்தப்படும் ‘உப்பு அறை’களுக்கு அதுவே மூலம், அவற்றின் பயனுக்கு வலுவான சான்று இல்லை. உறுதியான சான்று ஓரிடத்தில் உண்டு. சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பிறவி நோயுள்ளோர் 7 விழுக்காடு உப்புநீரைக் கருவி மூலம் உள்ளிழுத்தால் நுரையீரல் தொற்றுகள் குறைகின்றன என்று 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அது நோயாளிகளுக்கான மருந்து. நலமானவர் தூசியைச் சுவாசிப்பதற்குச் சாக்கு ஆகாது.

மூக்கை உப்புநீரால் கழுவுதல், யோக மரபில் ஜலநேதி எனப்படுவது, ஒவ்வாமைச் சளியிலும் நாள்பட்ட புழை அழற்சியிலும் உதவும். அரைவைக் கொட்டகையில் வேலை முடித்தவருக்கும் ஏற்றது. கரைசல் இரத்தத்தின் செறிவில், அதாவது கால் லிட்டர் நீருக்கு இரண்டேகால் கிராம் உப்பு என்ற அளவில் இருக்க வேண்டும். பாத்தியிலிருந்து நேரே எடுத்த கல்லுப்பு இதற்கு ஆகாது. மண்ணும் மக்னீசிய உப்புகளும் அதில் கலந்திருக்கும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். நன்னீரில் வாழும் நேக்லேரியா என்ற அமீபா, குடித்தால் தீங்கு செய்யாது. மூக்கின் கூரையை அடைந்தால் மணநரம்பு வழியே மூளைக்குச் சென்று உயிரையே பறிக்கும்.

வறண்ட காலத்தில் மூக்கில் இரத்தம் வருவது பெரும்பாலும் இடைச்சுவரின் முன்கீழ்ப் பகுதியிலிருந்து. பல நாளங்கள் அங்கே கூடுகின்றன. தலையைப் பின்னால் சாய்ப்பது தவறு. இரத்தம் தொண்டையில் இறங்கும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிட வேண்டும். இருமுறை செய்தும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சளி எதுவும் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், முக்கியமாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், அதைக் காற்றின் குற்றம் என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்ட வேண்டும்.